பழைய டிஸ்கும் புதிய கணிப்பொறியும்

கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது

கூட்டுறவுச் சங்கத்தில் பணம் குறைந்தால் மத்திய வங்கியில் கடன் பெற்றுச் சமாளிக்கலாம். கணக்குத் தொலைந்துவிட்டால் அதனை எங்கும் கடன் பெற இயலாது. ஒரு நெசவாளர் இருபது ஆண்டுகளாகப் பெற்ற கூலியிலிருந்து சேமிப்புக்காகப் பிடிக்கப்பட்ட தொகை எவ்வளவு, ஒரு விவசாய அங்கத்தினர் தாம் பெற்ற பயிர்க் கடனை எந்தெந்தத் தவணையில் செலுத்தினார், காலஞ்சென்ற அங்கத்தினர் ஒருவர் தம் பங்குத் தொகைக்கு யாரை வாரிசாகக் குறித்தார் என்பன யாவும் கணக்கு உள்ளவரையில் உரிமைகள். கணக்கு அழிந்தபின் அவை வெறும் வாய்ச்சொற்களாகிவிடும்.

முன்னாளில் இவ்விவரங்கள் ரொக்கப் புத்தகத்திலும் பேரேட்டிலும் எழுதப்பெற்று, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டப்பட்டன. இன்று அவற்றிற் பெரும்பகுதி கணிப்பொறியில் ஏறியிருக்கிறது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய மந்திரிசபை, நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அங்கீகரித்தது. பின்னர், விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. இக்காரணங்களால் சங்கங்களிலும், சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்தில் தறிக்கூடம் வைத்திருக்கும் அங்கத்தினர் இல்லங்களிலும் பழைய கணிப்பொறி நீங்கிப் புதியது வருவதைக் காண்கிறோம்.

புதிய கணிப்பொறி மேஜையில் அமர்ந்துவிட்டது. பழையதோடு உபயோகித்து வந்த, உள்ளங்கையளவுள்ள வெளி ஹார்டு டிஸ்க் மட்டும் இழுப்பறையில் கிடக்கிறது. அதனை என் செய்வது என்பதே இப்பாடத்தின் பொருள். இதில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. ஒரு சாரார், பழையது இனி எதற்கு என்று காயலான் கடைக்குப் போட்டுவிடுகின்றனர். மற்றொரு சாரார், இத்தனை நாள் உழைத்தது இன்னும் உழைக்கும் என்று நம்பிப் புதிய ஆண்டின் கணக்கையும் அதிலேயே ஏற்றி, வேறு நகல் இல்லாமல் விட்டுவிடுகின்றனர். இரண்டும் நஷ்டத்திற்கே வழியாகும். பழைய டிஸ்கைப் புதிய கணிப்பொறியில் இணைத்துப் படிக்கலாம். மறுபடி உபயோகிக்கவும் செய்யலாம். ஆனால் எந்தக் கணக்கிற்கும் அது ஒன்றே இருப்பிடமாக இருத்தல் கூடாது. இந்த ஒரு விதியை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

அட்டையிலிருந்து தட்டுக்கு

விவரங்களை ஒரு பொருளில் பதித்து வைத்து, வேண்டும்பொழுது யந்திரம் படிக்கும்படி செய்வது நெசவாளருக்குப் புதியதன்று. 1804ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கோத்துத் தறியின்மீது ஓடச் செய்தார். துளையுள்ள இடத்தில் ஊசி உட்செல்ல, அதனுடன் சேர்ந்த கொக்கி பாவு நூலைத் தூக்கும். துளையில்லாத இடத்தில் நூல் தூக்கப்படாது. பூவும் கொடியும் இவ்விரண்டு நிலைகளாலேயே துணியில் விளைந்தன. அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கைத் தொகுக்க ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளையே கையாண்டார். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனி முதல் ஹார்டு டிஸ்க் யந்திரத்தை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்ட அந்த யந்திரம் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகளே. நமது இழுப்பறையில் கிடக்கும் 500 ஜி.பி. டிஸ்க், அதைப்போல் ஒரு லட்சம் மடங்கு கொள்ளும்.

ஜக்கார்டு பெட்டி வைத்து நெய்யும் சிறுமுகை போன்ற ஊர்களின் நெசவாளரைக் கேட்டால் இரண்டு உண்மைகளைக் கூறுவர். பழைய அட்டைக் கட்டைப் புதிய பெட்டியில் ஏற்ற வேண்டுமானால் துளைகளின் இடைவெளி பெட்டிக்குப் பொருந்த வேண்டும். அட்டை கிழிவதற்கு முன்பே புதிய அட்டையில் அடித்துக்கொள்ள வேண்டும். கிழிந்தபின் டிசைனைத் துணியைப் பார்த்துத்தான் மீட்கவேண்டிவரும். பழைய டிஸ்குக்கும் இவ்விரண்டு விதிகளே பொருந்துவன.

டிஸ்கின் உள்ளே நிகழ்வது

டிஸ்கின் பெட்டிக்குள் காந்தப் பூச்சுடைய வழவழப்பான தட்டுகள் நிமிஷத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அத்தட்டின்மேல், மயிரிழையின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில், படிக்கும் முனை மிதந்து செல்கிறது. சுழலும்பொழுது டிஸ்க் அதிர்ந்தாலோ கீழே விழுந்தாலோ முனை தட்டில் உராய்ந்து, பதிந்துள்ள விவரங்கள் சிதையும்.

நமது வட்டாரத்தில் இதனை விசேஷமாகக் கவனித்தல் அவசியம். விசைத்தறி ஓடும் கொட்டகையின் சுவரையொட்டி அலுவல் அறை அமைந்திருப்பது இங்குச் சாதாரணம். தறியின் அதிர்ச்சி மேஜைக்கும் எட்டும். பஞ்சுத் தூசி போர்ட்களில் அடைந்து இணைப்பைத் தளர்த்தும். பெட்டியின் மேற்படிந்து வெப்பம் வெளியேறாமல் தடுக்கும். ஆதலின் டிஸ்கைத் தறிக்கூடத்துக்கு அப்பாலுள்ள அறையில், உறுதியான மேஜைமீது, படுக்கை வசமாக வைத்தே இயக்க வேண்டும். மின்சாரம் திடீரென்று நின்றாலும் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பழுதாகும் என்பதால், யு.பி.எஸ். இணைப்புள்ள கணிப்பொறியில் வேலை செய்வது நலம்.

இணைக்கும் முறை

முதலில் டிஸ்க் எவ்வகையது எனப் பார்த்தல் வேண்டும். சட்டைப் பையில் அடங்கும் சிறிய டிஸ்க் 5 வோல்ட்டில், கணிப்பொறியின் யு.எஸ்.பி. போர்ட்டிலிருந்தே மின்சாரம் பெற்று ஓடும். புத்தகம் போன்று பெரிதாயுள்ள டிஸ்குக்கு 12 வோல்ட் மின்சாரம் தரும் தனி அடாப்டர் உண்டு. அந்த அடாப்டர் காணாமற்போயிருந்தால், முனை பொருந்துகிறது என்பதற்காக மடிக்கணினியின் அடாப்டரைச் செருகக் கூடாது. மடிக்கணினி அடாப்டர்கள் பலவும் 19 வோல்ட் தருவன; டிஸ்கின் மின்பலகை கணத்தில் கருகிவிடும். அடாப்டரின்மேல் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளையும், டிஸ்கின் அடியில் அச்சிட்டுள்ள அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தே புதியது வாங்க வேண்டும்.

யு.எஸ்.பி. முறையில் பழையதும் புதியதும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளும். 2000ஆம் ஆண்டில் வந்த யு.எஸ்.பி. 2.0 டிஸ்கை, 2008ஆம் ஆண்டில் வந்த யு.எஸ்.பி. 3.0 போர்ட்டில் செருகினாலும் அது தன் பழைய வேகத்தில் ஓடும். புதிய கணிப்பொறியில் நீள்வட்டமான சிறிய டைப்-சி போர்ட் மட்டுமே இருப்பின், சிறிய மாற்று இணைப்பு ஒன்று போதும். டிஸ்கின் பக்கம் செருகும் கேபிள் முனைகள் மட்டும் பலவகைப்படும். ஆகவே டிஸ்கையும் அதன் கேபிளையும் ஒரே பையில் சேர்த்து வைத்தல் நன்று.

டிஸ்க் ஓடாமற்போவதற்குப் பெரும்பாலும் மின்சாரக் குறைவே காரணமாயிருக்கும். யு.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரக்கூடியது; 3.0 போர்ட் 900 தரும். தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் சில பழைய டிஸ்குகளுக்கு 500 போதாது. ஆகையால் பெட்டியின் முன்புறப் போர்ட்டை விடுத்துப் பின்புறப் போர்ட்டில் செருகிப் பார்க்க வேண்டும். பல சாதனங்களைச் சேர்த்துச் செருகும் யு.எஸ்.பி. ஹப்பில் இணைத்தல் தகாது. அப்பொழுதும் ஓடாவிடில் வேறொரு கேபிளைக் கொண்டு பார்க்கலாம். கேபிள் கெட்டிருக்க, டிஸ்க் கெட்டதென எண்ணி எறிந்தவர் பலர்.

சில சமயம் டிஸ்க் நன்றாயிருக்க, அதன் கூட்டிலுள்ள யு.எஸ்.பி. பலகை மட்டும் பழுதாயிருக்கும். தேர்ந்த பழுது பார்ப்பவர் டிஸ்கைக் கூட்டிலிருந்து எடுத்து வேறு கூட்டில் பொருத்திப் படிப்பார். எனினும் சில டிஸ்குகளில் விவரங்கள் அந்தப் பலகையிலேயே மறைகுறியாக்கம் செய்யப்படுகின்றன. அவை கூடு மாறினால் படிக்க வாரா. ஆதலின் பழைய கூட்டையும் பலகையையும் எறியாமல் வைத்திருக்கச் சொல்ல வேண்டும்.

“ஃபார்மேட் செய்யவா?” என்று கேட்டால்

டிஸ்க் ஓடியபின்னும் ஓர் அபாயம் காத்திருக்கிறது. புதிய கணிப்பொறிக்கு டிஸ்கின் அமைப்பு விளங்காவிடில், உபயோகிக்குமுன் இதனை ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா என்று திரையில் ஒரு வினா தோன்றும். இதற்குச் சம்மதம் தெரிவித்துவிட்டால், ஏட்டைப் பிரித்து எல்லாப் பக்கங்களையும் வெற்றுப் பக்கங்கள் என்று முத்திரையிட்டதற்கு ஒப்பாகும். இவ்வினா தோன்றியவுடன் வேண்டாம் என்பதை அழுத்தி, டிஸ்கை எடுத்துவிட வேண்டும். சங்க ஊழியர் ஒவ்வொருவரும் மனப்பாடமாக அறிந்திருக்கவேண்டிய விதி இது.

கணிப்பொறிக்கு விளங்காமைக்குக் காரணங்கள் சில உண்டு. விண்டோஸ் கணிப்பொறிகள் எழுதும் முறை என்.டி.எஃப்.எஸ். என்பது; ஆப்பிள் கணிப்பொறிகளும் லினக்ஸ் கணிப்பொறிகளும் எழுதும் முறைகள் வேறு. 2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் அதில் எழுதிய டிஸ்க், விண்டோஸில் வெற்றுத் தட்டாகத் தோன்றலாம். லினக்ஸ் உள்ள கணிப்பொறியில் செருகினால் அஃது எளிதில் திறக்கும். மின்சாரக் குறைவாலும், தட்டின் தொடக்கப் பகுதி பழுதானதாலும் இதே வினா எழும். ஆகவே கேபிளை மாற்றியும் போர்ட்டை மாற்றியும் வேறு கணிப்பொறியில் செருகியும் பார்த்த பின்னரே முடிவுக்கு வரவேண்டும்.

இன்னொரு தடை பூட்டு. பழைய கணிப்பொறியில் பிட்லாக்கர் என்னும் பூட்டு இட்டிருந்தால், கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்பு எண்ணோ இல்லாமல் டிஸ்கைத் திறக்க முடியாது. பழைய கணிப்பொறியைக் கழிப்பதற்கு முன்பே அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டுப் பெட்டகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டு இல்லாமலே அனுமதியில்லை என்று கூறும் ஃபோல்டர்கள், பழைய கணிப்பொறியின் உபயோகிப்பாளர் பெயரில் எழுதப்பட்டவை. புதிய கணிப்பொறியின் நிர்வாகி என்ற அதிகாரத்தைக் கொண்டு அவற்றின் உரிமையை மாற்றித் திறக்கலாம்.

முதற் கடமை நகல் எடுத்தல்

டிஸ்க் திறந்ததும் அதில் ஒன்றும் எழுதக் கூடாது. ஒன்றையும் அழிக்கவோ ஒழுங்குபடுத்தவோ கூடாது. முதலில் வைரஸ் சோதனை செய்தல் வேண்டும். பல கணிப்பொறிகளில் செருகப்பட்ட பழைய டிஸ்கில் பல ஆண்டுகளுக்கு முந்திய வைரஸும் உறங்கிக் கிடக்கலாம். சோதனை முடிந்தபின், மிக முக்கியமான கோப்புகள் முதலிலும் மற்றவை பின்னுமாகப் புதிய கணிப்பொறிக்கு நகல் எடுக்க வேண்டும். அங்கத்தினர் பதிவேடு, சேமிப்புக் கணக்கு, கடன் கணக்கு, தீர்மானப் புத்தகத்தின் படங்கள் ஆகியவை முதல் வரிசை. புகைப்படமும் விழாப் படமும் பிறகு வரட்டும். டிஸ்க் இடையில் நின்றுபோனாலும் முக்கியமானவை மீண்டிருக்கும்.

இதற்கு எவ்வளவு நேரமாகும் என முன்னரே கணக்கிட்டுக்கொள்ளலாம். யு.எஸ்.பி. 2.0 டிஸ்க் நடைமுறையில் விநாடிக்குச் சுமார் 30 எம்.பி. தரும். 500 ஜி.பி. என்பது 5 லட்சம் எம்.பி. அதனை 30-ஆல் வகுத்தால் சுமார் 16,700 விநாடி. அதாவது ஏறத்தாழ நாலரை மணி நேரத்துக்குச் சற்று மேல். யு.எஸ்.பி. 3.0 டிஸ்க் விநாடிக்கு 100 எம்.பி. தருமானால் ஒன்றரை மணி நேரத்திற்குள் முடியும். சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருப்பின் நேரம் மேலும் நீளும். சனிக்கிழமை மாலை அவசரமாகத் தொடங்கும் வேலையன்று இது.

நகல் எடுத்தால் மட்டும் போதாது; ஒப்பு நோக்குதலும் அவசியம். ரொக்க இருப்பைச் சரிபார்ப்பதைப் போன்று, மூலத்தில் எத்தனை கோப்புகள், மொத்த அளவு எவ்வளவு, நகலில் எத்தனை, எவ்வளவு என்று குறித்து ஒப்பிட வேண்டும். பிறகு ஒவ்வோர் ஆண்டின் ஃபோல்டரிலிருந்தும் இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்தல் வேண்டும். பெயர் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத கோப்புகளும் உண்டு.

திறந்தும் படிக்க முடியாத தமிழ்

பழைய தமிழ்க் கடிதங்களைப் புதிய கணிப்பொறியில் திறந்தால், தமிழெழுத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து தோன்றுவதுண்டு. கோப்புக் கெட்டுவிட்டது என்று எண்ணி அதனை அழித்துவிடுதல் பெருந்தவறாகும். முற்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டை அடுத்து, தாம், தாப் என்னும் இரு முறைகளைத் தமிழக அரசு ஏற்றது. பின்னர் 2010ஆம் ஆண்டில் யூனிகோடு முறையை அரசு ஏற்றுக்கொண்டது. இன்றைய கணிப்பொறிகள் யூனிகோடு முறையைத் தாமே அறியும். பழைய முறையில் எழுதிய கடிதத்திற்கு அதற்குரிய எழுத்துரு நிறுவப்பட்டிருக்க வேண்டும்; அல்லது இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியைக் கொண்டு யூனிகோடாக மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய கணிப்பொறி இன்னும் இயங்குமானால், அதிலுள்ள எழுத்துரு ஃபோல்டரையும் நகல் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கணக்கு மென்பொருளுக்கும் இந்நியாயமே பொருந்தும். பழைய பதிப்பில் எழுதிய கணக்கைப் புதிய பதிப்பு தன் முறைக்கு மாற்றிக்கொண்டபின் பழைய பதிப்பால் அதனைத் திறக்க இயலாமற் போகலாம். ஆதலின் மாற்றுவதற்கு முன் ஒரு நகலைத் தொடாமல் தனியே வைக்க வேண்டும். மேலும் ஒவ்வோர் ஆண்டின் ஐந்தொகை, லாப நஷ்டக் கணக்கு, அங்கத்தினர் இருப்புப் பட்டியல் ஆகியவற்றைப் பி.டி.எஃப். ஆகவும் காகிதத்திலும் அச்சிட்டுக்கொண்டால், எந்த மென்பொருள் போனாலும் விவரம் நிற்கும்.

டிஸ்கின் தேகநிலை

நகல் முடிந்தது. இனி டிஸ்க் மறு உபயோகத்துக்குத் தக்கதா என ஆராயலாம். ஹார்டு டிஸ்க் ஒவ்வொன்றும் ஸ்மார்ட் எனப்படும் ஒரு குறிப்பைத் தனக்குள் எழுதி வருகிறது. எத்தனை மணி நேரம் ஓடியது, தட்டில் எத்தனை கட்டங்கள் பழுதாகி வேறிடத்துக்கு மாற்றப்பட்டன, எத்தனை கட்டங்கள் படிக்கப்படாமல் நிற்கின்றன என்பன அதிற் காணும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச மென்பொருள் இதனைப் படித்துக் காட்டும். மாற்றப்பட்ட கட்டங்களும் நிற்கும் கட்டங்களும் பூஜ்யமாயிருந்தால் நல்லது. அவ்வெண் வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்த டிஸ்கை ஓய்வு கொடுத்து அனுப்ப வேண்டியதுதான்.

எனினும் இந்தக் குறிப்பை மட்டும் நம்புதல் கூடாது. கூகிள் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து 2007ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பழுதானவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, மிக முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றையும் காட்டாமலே பழுதாயின என்று அவர்கள் கண்டனர். எச்சரிக்கை வந்தால் நம்பலாம். எச்சரிக்கை வராமையை நம்பலாகாது என்பது இதன் கருத்து.

டிஸ்கிலிருந்து டக், டக் என்று சீராக ஓசை வருமானால் படிக்கும் முனை தன் இடத்தைக் காண இயலாமல் தவிக்கிறது என்று அறிக. உடனே நிறுத்திவிட வேண்டும். மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பது தட்டைக் கீறும். வேறு நகல் இல்லாத கணக்கு அதில் இருந்தால், அதனைத் திறக்காமல் விவரம் மீட்பதில் தேர்ந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்காகும் செலவு ஒரு புதிய டிஸ்கின் விலையைப் போலப் பல மடங்காகலாம் என்பதையும் நிர்வாகக் குழு நினைவிற்கொள்ள வேண்டும்.

எந்த வேலைக்கு வைக்கலாம்?

தேறிய பழைய டிஸ்கை மூன்றாவது நகலுக்கு உபயோகிப்பதே முறை. கணக்கிற்கு மூன்று பிரதிகள் வேண்டும். முதலாவது, அன்றாட வேலை நடக்கும் கணிப்பொறியில் உள்ளது. இரண்டாவது, புதிதாக வாங்கிய டிஸ்கில் இருக்கட்டும். மூன்றாவது பழைய டிஸ்கில் எழுதப்பட்டு, சங்கக் கட்டிடத்துக்கு வெளியே வேறொரு பத்திரமான இடத்தில் வைக்கப்படட்டும். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபொழுது, ஒரே அறையில் இருந்த ஏடும் கணிப்பொறியும் அதன் நகலும் ஒருங்கே நனைந்த இடங்களை எண்ணிப் பார்த்தால் இதன் அவசியம் விளங்கும். பஞ்சும் நூலும் நிறைந்த நமது ஊர்களில் வெள்ளத்திலும் தீயே அஞ்சத்தக்கது.

அவ்வாறு உபயோகிக்குமுன், நகல் யாவும் சரிபார்க்கப்பட்ட பிறகு, இப்பொழுது நாமே அறிந்து டிஸ்கை ஃபார்மேட் செய்யலாம். பழைய டிஸ்குகள் சில ஃபேட் 32 என்னும் முறையில் இருக்கும். அம்முறையில் தனிக் கோப்பு ஒன்று 4 ஜி.பி.க்கு மேற்பட்டால் எழுத இயலாது. என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றினால் இத்தடை நீங்கும்.

பேக்கப் டிஸ்கைக் கணிப்பொறியில் எந்நேரமும் செருகி வைத்தல் கூடாது. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் வானாகிரை என்னும் வைரஸ் உலகெங்கும் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டதை அறிவோம். அத்தகைய வைரஸ் கணிப்பொறியோடு இணைந்துள்ள டிஸ்கையும் பூட்டிவிடும். வாரம் ஒரு முறை செருகி, நகல் எழுதி, திரையில் முறைப்படி வெளியேற்றி, கழற்றி வைத்துவிட வேண்டும். வெளியே வைத்த மூன்றாவது டிஸ்கை மூன்று மாதத்துக்கொரு முறையேனும் ஓட்டிப் பார்த்தல் நலம்.

இவற்றிற்கு ஒரு சிறு பதிவேடு போதும். டிஸ்கின் எண், வாங்கிய ஆண்டு, அதிலுள்ள விவரம், கடைசியாக நகல் எழுதிய தேதி, சரிபார்த்தவர் கையொப்பம், வைத்திருக்கும் இடம் என ஆறு பத்திகள். நிர்வாகக் குழு பின்வருமாறு தீர்மானம் நிறைவேற்றிக்கொள்ளலாம்: “சங்கத்தின் கணக்குகளை வாரந்தோறும் இரண்டு டிஸ்குகளில் நகல் எடுத்து, அவற்றுள் ஒன்றைச் சங்கக் கட்டிடத்திற்கு வெளியே பாதுகாப்பாக வைக்கவும், ஒவ்வொரு காலாண்டிலும் குழு அங்கத்தினர் ஒருவர் முன்னிலையில் அவற்றைத் திறந்து சரிபார்க்கவும் தீர்மானிக்கப்பட்டது.”

கழிக்கும்பொழுது

தேறாத டிஸ்கையும் அப்படியே எறிந்துவிடலாகாது. அதில் அங்கத்தினரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன. கோப்பை அழித்தாலும், விரைவு ஃபார்மேட் செய்தாலும் அட்டவணை மட்டுமே அழியும், விவரம் தட்டில் நிற்கும், அறிந்தவர் மீட்டுவிடுவர். விண்டோஸில் விரைவு என்ற குறியை நீக்கி முழு ஃபார்மேட் செய்தால் தட்டு முழுவதும் பூஜ்யம் எழுதப்படும். ஓடாத டிஸ்கைத் துளையிட்டோ உடைத்தோ தட்டைச் சிதைக்க வேண்டும். 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எண்ணியல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய விவரங்களை வைத்திருப்போர்க்குப் பொறுப்பை விதிக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, அழிக்கப்பட்ட டிஸ்கைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். இருப்புப் பதிவேட்டில் கழித்த விவரம் ஏறட்டும்.

மேற்கூறியவற்றில் பெருஞ்செலவு பிடிப்பது ஒன்றுமில்லை. வேண்டுவது ஓர் ஒழுங்கு. வாரத்தில் அரைமணி நேரம். டிஸ்க் சங்கத்தின் சொத்து. அதிலுள்ள விவரம் அங்கத்தினரின் சொத்து. முன்னதற்குத் தேய்மானம் கழிக்கலாம். பின்னதற்குக் கழிக்க முடியாது. அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் எழுந்து, “எங்கள் கணக்கின் நகல் எத்தனை இடத்தில் இருக்கிறது? கடைசியாக எப்பொழுது திறந்து பார்த்தீர்கள்?” என்று கேட்பார்களாக. அக்கேள்விக்கு நிர்வாகிகள் பதிவேட்டைக் காட்டி விடையளிப்பார்களாயின், அச்சங்கத்தின் கணக்குப் பத்திரமாக உள்ளதென்பது திண்ணம்.

படிப்பு வட்டத்திற்கு வினாக்கள்

1. நமது சங்கத்தில் எத்தனை பழைய டிஸ்குகள் உள்ளன? அவற்றில் வேறெங்கும் நகல் இல்லாத விவரம் எது?

2. ஃபார்மேட் செய்யவா என்று கணிப்பொறி கேட்டால், விடையளிக்குமுன் சோதிக்கவேண்டியவை யாவை?

3. 250 ஜி.பி. உள்ள யு.எஸ்.பி. 2.0 டிஸ்கை நகல் எடுக்க ஏறத்தாழ எவ்வளவு நேரமாகும்?

4. பழைய தமிழ்க் கடிதம் குறிகளாகத் தோன்றினால் அதனை அழிக்கலாமா? காரணம் கூறுக.

5. மூன்றாவது நகலைச் சங்கக் கட்டிடத்திற்கு வெளியே எங்கு, எவர் பொறுப்பில் வைக்கலாம் என ஆலோசித்து நிர்வாகக் குழுவுக்குத் தெரிவிக்க.